பூஜ்யம் என்று எழுதிய நாள்

ரிச்லண்ட்
ஏப்ரல் 14, 2014

அன்புள்ள வெய்ன் அண்ணா,

நலம்தானே? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுப்பாய் என்றுதான் எழுதுகிறேன். இத்துடன் இரண்டு பாட்டில் அஸ்பாரகஸ் ஊறுகாய். குறை சொல்லிக்கொண்டே தின்று முடி.

தொட்டிக் களத்தில் வேலை மும்முரம். மண்ணுக்கடியில் அணுக்கழிவு கிடக்கும் பழைய தொட்டி ஒன்றைக் காலிசெய்கிறார்கள். அடியில் இறுகிய சகதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி, நல்ல தொட்டிக்கு மாற்ற வேண்டும். கலக்கக் கலக்க ஆவி கிளம்பும். நான் ஆவியை அளக்கும் கருவியோடு அதன் பின்னாலேயே அலைகிறேன்.

போன வாரக் காற்றில், வேரோடு பிய்ந்த காய்ந்த முட்செடிகள் பந்து பந்தாக உருண்டு வந்து, எங்கள் மேற்பார்வையாளர் டுவேனைத் தற்காலிகக் கழிவறைக்குள் அடைத்துவிட்டன. "யாராச்சும் கதவத் திறங்கய்யா!" என்று ஒரே அலறல். நான் கருவியை நீட்டிப் பார்த்து, "ஆபத்தான ஆவி எதுவும் இல்ல சார், தைரியமா வெளிய வரலாம்" என்றேன். இன்னும் என்னோடு பேசவில்லை.

நீயும்தான் பேசுவதில்லை. இரண்டு வருடம் போதாதா? அன்று கருவி பூஜ்யம் காட்டியது. பூஜ்யம் என்று எழுதினேன். அது என் வேலை, அண்ணா.

உன் தங்கை
டார்லா


இல்வாகோ
ஏப்ரல் 23, 2014

டார்லாவுக்கு,

ஊறுகாய் கிடைத்தது. பூண்டு போதாது. ஒரு பாட்டில் முடிந்துவிட்டது.

நான் இங்கே மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறேன். துறைமுகம் முழுக்க நண்டு நாற்றம். யாரும் அதை இல்லையென்று சொல்வதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

அன்று தொட்டிக் களத்தில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவன் நான். "அழுகுன வாடை அடிக்குது, தொண்ட எரியுது" என்று கத்தினேன். நீ கருவியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே காட்டலியேண்ணா" என்றாய். மூக்கில் ரத்தம் வந்ததைக்கூட வேலையைத் தட்டிக்கழிக்கப் போடும் நாடகம் என்றார்கள். சாப்பாட்டு அறையில் நான் 'வாசனை வெய்ன்' ஆனேன். நீ பூஜ்யம் என்று எழுதிய தாளைக் காட்டித்தான் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருட வேலையை விட்டு வந்தேன். இருமல் மட்டும் கூடவே வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். டுவேனை இன்னொரு முறை அடைத்து வை.

வெய்ன்


ரிச்லண்ட்
ஜூன் 2, 2014

அன்புள்ள அண்ணா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இனி வீட்டில் தாள் இல்லை, எனவே இதுவே வரும்.

மூன்று வாரத்துக்கு முன், சகதியைக் கலக்கும்போது வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றது. அழுகிய வெங்காயம் போல ஒரு வாடை. நாக்கில் செம்புக் காசை வைத்தது போல ருசி. கருவியைப் பார்த்தேன். பூஜ்யம்.

"வேலைய நிறுத்துங்க!" என்றேன்.

"மீட்டர்ல என்ன காட்டுது?" என்றார் டுவேன்.

"சைபர்."

"அப்புறம் என்னம்மா?"

"அப்புறம் நான் ஒருத்தி நிக்கிறேன்ல, எனக்கு அடிக்குது!"

அங்கே யார் சொன்னாலும் வேலையை நிறுத்தியாக வேண்டும் என்பது விதி. முணுமுணுத்துக்கொண்டே பத்தொன்பது பேரும் வெளியேறினார்கள். அந்தக் காற்றை உலோகக் குடுவையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. என் கருவிக்குத் தெரியாத இரண்டு நச்சுப் பொருட்கள், அளவுக்கு மேல். கருவி தனக்குத் தெரிந்த நாலைந்து வாயுக்களை மட்டும் தேடியிருக்கிறது. இப்போது எல்லோர் முதுகிலும் மூச்சுவிடக் காற்றுக் குப்பி. "கன்னுக்குட்டியத் தூக்கிட்டு அலையிற மாதிரி இருக்கு" என்று டுவேன் புலம்புகிறார். முதல் ஆளாக மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன் அன்று, உன் பக்கத்தில் நின்றபோது, எனக்கும் அந்த வாடை அடித்தது. ஒரு நொடிதான், ஆனால் அடித்தது. அண்ணனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள் என்று பயந்து கருவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நேற்று, 'கருவி பூஜ்யம் காட்டியது. வாடை இருந்தது. நானும் முகர்ந்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பழைய தாளோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நகல் இதோ. மன்னிக்க வேண்டாம், படித்தால் போதும்.

டார்லா


இல்வாகோ
ஜூன் 9, 2014

என் தங்கச்சி டார்லாவுக்கு,

நகலைத் துறைமுகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வரிசையில் நின்று கைகுலுக்கினார்கள்.

ஒன்று தெரியுமா? அன்று நீ கருவியைப் பார்த்தாய்; நான் உன்னைப் பார்த்தேன். அப்பா காலுறையைக் கழற்றும்போது சுருங்குமே உன் மூக்கு, அப்படியே சுருங்கியது. உனக்கும் அடித்தது என்று எனக்கு அப்போதே தெரியும். கருவி மேல் கோபப்பட எனக்கென்ன பைத்தியமா? நீ வாய் திறப்பாய் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன், கழுதை.

சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுக்கிறேன். மதியம் வாசலில் வந்து நில். முதலில் உன்னை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

இல்லை, உள்ளே வந்தே திட்டுகிறேன். ஜூன் மாதம் உங்கள் ஊர் வெயிலில் மனுஷன் நிற்க முடியாது.

அண்ணன்
வெய்ன்