தேன்சிட்டுக் கூட்டின் நான்கு படங்கள்

ஜனவரி 4, 2026, ஞாயிறு

வாஷிங் மெஷின் மறுபடி ரிப்பேர். கையால் துவைத்து முடிக்கப் பதினொரு மணி. பிறகு பஸ் பிடித்து லப்பைக்குடிகாடு போனேன். அம்மார் அண்ணனின் ஹார்ட் டிஸ்க்கை மர்ஜியா மதினி எடுத்து வைத்திருந்தார். அண்ணன் மௌத்தாகிப் பதினான்கு மாதம். இதுவரை அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

23ஆம் தேதியிலிருந்து மூன்று நாள் அரியலூரில் அண்ணன் நினைவாகக் கண்காட்சி. அவர் எடுத்த பறவைப் படங்களில் முப்பது வேண்டும். நான் ஓவிய டீச்சர் என்பதால் தேர்வு என் தலையில். ஏற்பாடு அறிவுச்செல்வன் சார். அண்ணனோடு ஏரி ஏரியாகச் சுற்றியவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறார்.

"தேன்சிட்டு படம் நடுச்சுவர்ல பெருசா வரணும் டீச்சர். அதுக்குத்தான் ஜனம் வரும்."

தாய்ச்சிட்டு குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் படம். அண்ணனுக்குப் பரிசு வாங்கித் தந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூம் காலண்டரில்கூட வந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

பன்னிரண்டு தேறியது. தா.பழூர் பக்கம் ஒரு ஏரியில் வேட்டை வலையை அறுத்து நாரைகளை விடுவித்த நாளின் படங்கள் நன்றாக இருக்கின்றன. ஒன்றில் அண்ணன் கையும் பதிந்திருக்கிறது. நகமெல்லாம் சேறு.

ஜனவரி 8, வியாழன்

"வேண்டாம்" என்று ஒரு ஃபோல்டர். நான்கே படம். ஏப்ரல் 2017, செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்பு.

முதல் படத்தில் இலைகளுக்குள் பாதி மறைந்த தேன்சிட்டுக் கூடு. இரண்டாவதில் அதே கிளை, அதே கூடு. இலைகள் இல்லை. வெட்டிய காம்புகள் வெளேரென்று தெரிகின்றன. மூன்றாவது, பரிசுப் படம். நான்காவது இரண்டு நாள் கழித்து எடுத்தது. குஞ்சுகள் இரண்டும் கூட்டிலேயே காய்ந்து கிடக்கின்றன. எறும்பு.

சித்திரை வெயிலில் நிழலை வெட்டியது யார்? அண்ணனா? கூட்டுக்கு ஐம்பது அடிக்குள் போகாதீர்கள் என்று பள்ளி பள்ளியாகச் சொன்ன அண்ணனா?



ஜனவரி 9, வெள்ளி

முதல் படத்தை முன்பே பார்த்த ஞாபகம். பழைய போனைத் தேடி சார்ஜ் போட்டேன்.

இருக்கிறது. அண்ணன்தான் அனுப்பியிருக்கிறார். கீழே என் பதில்: "கூடே சரியா தெரியலண்ணே. இலை மறைக்குது. இன்னும் நல்லா எடுக்கலாம்ல?"

"பாக்குறேம்மா."

மறுநாள் மாலை பரிசுப் படம் வந்திருக்கிறது. நான் பத்து இதயம் அனுப்பியிருக்கிறேன்.

பத்து!

ஜனவரி 11, ஞாயிறு

நான்கு படத்தையும் வைக்கலாம் என்று சாரிடம் போனில் சொன்னேன்.

"எதுக்குங்க டீச்சர்? இல்லாத மனுஷனை சந்தியில நிறுத்தவா? எவ்ளோ நல்லது செஞ்சிருக்காரு!"

"அதெல்லாம் இதுக்கப்புறம்தானே சார்?"

தேதிகளைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வலை அறுத்தது, பள்ளிகளுக்குப் போனது, எல்லாமே 2017க்குப் பிறகு. அதற்குப் பின் ஒரு கூட்டுப் படம்கூட இல்லை. "மர்ஜியாம்மா சரின்னா சரி" என்று சார் போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

மதினியிடம் காட்டினேன். என் மெசேஜையும்.

"பரிசு வாங்கப் போவமாட்டேன்னு அடம் புடிச்சாரு. நாந்தான் இழுத்துக்கிட்டுப் போனேன்" என்றார். பிறகு, "ஒன்ன ஒரு வார்த்தை சொல்லலையே ஃபைஸா, கடைசி வரைக்கும்."

வைக்கலாமா என்று கேட்டேன்.

"ஒனக்குத் தோணுறதைச் செய். நான் அங்க வரமாட்டேன்."

இது சம்மதமா? அண்ணன் அழித்திருக்கலாம். "வேண்டாம்" என்று பெயர் வைத்து ஏழு வருஷம் காப்பாற்றியிருக்கிறார். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தப்பென்றால் தப்பு என் மேலேயே இருக்கட்டும்.

ஜனவரி 23, வெள்ளி

நடுச்சுவரில் நான்கும் ஒரே அளவில். கீழே நான் எழுதியது:

"முதல் படத்தைப் பார்த்து, இலை மறைக்கிறது என்று சொன்னவள் நான், அவர் தங்கை. அவர் இலைகளை வெட்டினார். மூன்றாவது படத்துக்குப் பரிசு கிடைத்தது. நான்காவதை அவர் யாருக்கும் காட்டவில்லை. அதன் பிறகு எந்தக் கூட்டையும் படம் எடுக்கவில்லை."

அண்ணனோடு படமெடுக்கப் போனவர்களில் இரண்டு பேர் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். "குடும்பமே பேரைக் கெடுக்குது" என்று ஒருவர். காதில் விழட்டும் என்றே சொன்னார். விழுந்தது.

மதினி வரவில்லை.

ஜனவரி 24, சனி

மதியம் ஒரு பெண் அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றாள். பெயர் பூவிழி, குன்னத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள்.

"இந்தத் தங்கச்சி யாருங்க?"

"நாந்தான்."

முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். கொண்டைக்குருவிக் கூடு, மூன்று குஞ்சு.

"மறைச்ச கிளைய கயித்தால இழுத்துக் கட்டிட்டு வந்திருக்கேங்க்கா. நாளைக்குக் காலையில வெளிச்சம் நல்லா வுழும்னு..."

முடிக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடினாள். என் நம்பரை வாங்கிக்கொண்டுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

கடைசி நாள். கழற்ற ஆரம்பிக்கும் நேரத்தில் மதினி வந்தார். நான்கையும் பார்த்தார், எழுதியதைப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அறிவுச்செல்வன் சார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பூவிழி நேற்றுச் சாயங்காலம் அனுப்பிய மெசேஜை மதினிக்குப் படித்துக் காட்டினேன்: "கயித்த அவுத்துட்டேங்க்கா. தள்ளிப் போய் நின்னு பாத்தேன். முக்கால் மணி நேரம் கழிச்சு தாய் வந்துடுச்சு. மூணும் வாயத் தொறந்துச்சு."

படம் எதுவும் அனுப்பவில்லை.

"இன்னொரு தடவ படி" என்றார் மதினி.