நர்ஸம்மாவின் சாவிப் படம்

கோபித்துக்கொண்டு தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் சுகம். அங்கே சுகமா என்று கேட்கமாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உம்மென்று உட்கார்ந்திருப்பதாக ஓரகத்தி சொல்லிவிட்டாள். போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டீர்களாம்; அவள் தன் போனை நீட்டினாலும் வாங்கமாட்டேன் என்கிறீர்களாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் காரியம். நம் சாவிக் கடைக்கு இணையத்தில் பக்கம் திறந்தோமே, அதில் நீங்கள் போட்ட நர்ஸம்மா வீட்டுச் சாவிப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்தைப் பார்க்கிறேன்; திரும்புவதற்குள் பொங்கி வழிகிறது. புதிதாக வெட்டிய சாவியை வெளிச்சத்தில் வைத்து அவ்வளவு அழகாகப் படம் எடுத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு பல்லும் தெளிவாகத் தெரிகிறது. தொழில் தெரிந்த எவனும் அதைப் பார்த்தே இன்னொன்று வெட்டிவிடுவான். போதாக்குறைக்கு நர்ஸம்மா அதன் கீழேயே, தபாலாபீஸ் பின்னாலிருக்கும் தன் மாடி வீட்டுக்கு அருமையாகச் சாவி செய்துகொடுத்தீர்கள் என்று பாராட்டு எழுதியிருந்தார். தனியாக இருக்கும் பெண். சாவியும் விலாசமும் ஒரே இடத்தில்!

அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தன் வரியை உடனே அழித்துவிட்டார். படத்தை அழிக்கத்தான் நான் நாயாய் அலைகிறேன். என் போனில் வாடிக்கையாளர் மாதிரி வேடிக்கை பார்க்கத்தான் முடிகிறது. நூலகத்தில் கணினி வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் ஓடினேன். அவருடைய கணினியில் பாஸ்வேர்ட் போட்டேன். சரி என்றது. ஆனால் புதுக் கணினியாம், உள்ளே விடுவதற்கு இன்னொரு எண் அனுப்பியிருக்கிறதாம். எங்கே? உங்கள் போனுக்கு! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. அந்த எண்ணும் சில நிமிஷத்தில் செல்லாமல் போய்விடும் என்றார் டீச்சர். இல்லாவிட்டால் கடிதத்திலேயே கேட்டிருப்பேன்.

ஆகையால் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் போனை எடுங்கள். நம் பக்கத்தைத் திறந்தால் படத்தின் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் ‘நீக்கு’ என்று வரும். நிச்சயமாகவா என்று திரும்பக் கேட்கும். ஆமாம் என்று சொல்லுங்கள். மறைத்துவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அது வேண்டாம். உங்களுக்குப் போடத் தெரிந்த அளவுக்கு எடுக்கத் தெரியாது என்றுதான் இவ்வளவு விளக்கம். முறைக்காதீர்கள்.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. எவனாவது இதற்குள் தன் போனில் நகல் எடுத்து வைத்திருந்தால் நாம் அழித்தாலும் அவனிடம் இருக்கும். டீச்சர் சொன்னது இதுதான்: “பாஸ்வேர்ட் வெளியே போயிடுச்சுன்னா அழுது என்ன பண்றது? உடனே மாத்திடணும்.” பூட்டுக்கும் அதே கதைதானே. மார்க்கெட் பக்கத்துப் பூட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். “உங்க வீட்டுக்காரர் போட்ட பூட்டு. அவரே வந்து மாத்தட்டும்” என்று சொல்லிவிட்டார். சாமான்களை மூட்டைகட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். உங்கள் கட்டிலில்தான் படுக்கிறார். குறட்டையில் உங்களைத் தோற்கடிக்கிறார்.

அவருக்கு உங்கள்மேல் துளிகூடக் கோபம் இல்லை. நல்ல வேலையைக் காட்டத்தானே ஆசைப்பட்டார் என்கிறார். எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, சாவிக்காரரே சாவியைத் தெருவில் தொங்கவிட்டால் பூட்டு எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவர்கள் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் காதிலும் இருக்கும். படத்தை எடுப்பது எப்படி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். இதை எடுப்பது எப்படி என்று யாரிடம் கேட்பேன்?

நர்ஸம்மாவுக்குப் புதுப் பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் திருப்புளியும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. நம் வீட்டுக்குப் பழைய பூட்டுதான். உங்களிடம் இருக்கும் சாவியே சேரும்.

இப்படிக்கு,
வாய் நீளமான உங்கள் மனைவி