உள்பக்கம் திருப்பி வைத்த எண்

என் உசுருக்கு உசுரான மயிலண்ணா,

டயர் கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நாலும் புதுசு. இந்த முறை நிஜமாகவே புதுசு.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதலமடையில் இந்த வருஷம் மாம்பூ நன்றாகத்தான் பிடித்தது. தை மாதம் வேண்டாத மழை பெய்து பாதியைக் கொட்டிவிட்டது. மிச்சத்தில் செந்தூரம் மட்டும் கை கொடுத்தது. ஷெட்டில் பெட்டி அடுக்க இடமில்லை என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். கிழக்கு மூலையை உங்கள் பச்சை வண்டி அடைத்துக்கொண்டு நிற்கிறதே. அதைக் கொஞ்சம் வெளியே தள்ளலாமா என்று கேட்டவனை நான் பார்த்த பார்வையில் அவன் மறுபடி கேட்கவேயில்லை.

இந்தக் கடிதத்தை வேறு யாரும் படித்தால் அவர்களுக்காக நாலு வரி சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அண்ணன் மூணாறில் எஸ்டேட் ஜீப்புகளைச் சரிபார்க்கும் மெக்கானிக். அண்ணியின் ஊர் அது. கோயம்புத்தூரில் ஒருவர் அந்தக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஒன்றைக் கட்டி, முறையாகப் பதிவும் செய்து, பிறகு அலுத்துப்போய் மூலையில் போட்டுவைத்திருந்தார். நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு, கூரை கிடையாது, ரெண்டே சீட்டு. அதை அண்ணன் வாங்கி என் மாங்காய் ஷெட்டில் நிறுத்தினார். மூணாறு ஈரத்தில் துரு ஏறிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மலையிறங்கி வந்து மூன்று வருஷம் அதன் அடியில் படுத்துக் கிடந்தார்.

பிள்ளை இல்லாத குறைக்கு வண்டியைக் கொஞ்சுகிறார் என்று ஊர் சொன்னது. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆறு பிள்ளை இருந்திருந்தாலும் நீங்கள் அதன் அடியில்தான் கிடந்திருப்பீர்கள்.

எல்லாம் முடிந்து டயர் மட்டும் பாக்கி இருந்தபோது, அதை நான்தான் வாங்கித் தருவேன் என்று குறுக்கே விழுந்தேன். நினைவிருக்கிறதா? ஒரு கடையை மூடிவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். உங்கள் பதினைந்து இஞ்ச் ரிம்முக்குச் சரியான அளவில் நாலு டயர், ஓடாதது, மேலே பட்டன் வெட்டு ஆழமாக, கன்னங்கரேலென்று. அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை. நான் தடவிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் உருட்டிவிட்டேன். நீங்கள் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தீர்கள். அன்று சாயந்திரமே மாட்டிவிட்டீர்கள்.

அடுத்த ஞாயிறு, ஐப்பசி மாதம், அண்ணியிடம் வண்டியைக் காட்ட மூணாறுக்குக் கிளம்பினோம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நான். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார்க் காடு, மறையூர். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். மறையூர் தாண்டித் தேயிலை தொடங்குகிற இடத்தில் தூறல் பிடித்தது. அந்த இடதுபக்க வளைவில் நீங்கள் வேகமாகவும் போகவில்லை. பின்பக்கம் மட்டும் தனியாகக் கழன்றுபோவது போல விலகியது, வண்டி அரை வட்டம் சுற்றித் தேயிலை மேட்டில் மோதி நின்றது. என் நெற்றியில் மூன்று தையல், வண்டிக்கு ஒரு விளக்கு போனது. உங்களுக்கு ஒன்றும் இல்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

என் நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "டயரு புடிக்கல அம்மிணி," என்றீர்கள்.

"டயரு புதுசுங்கண்ணா. ஓட்டத் தெரியலைன்னு ஒத்துக்கோங்க," என்றேன் நான்.

அதோடு விட்டேனா? என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. எடைபோடும் இடத்தில் சொன்னேன், போனில் சொன்னேன், சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில் நூறு பேர் முன்னால் சொன்னேன். ஊரான் ஜீப்பையெல்லாம் சரிபண்ணுகிறவருக்குச் சொந்தக் காரை ஒரு வளைவு திருப்பத் தெரியாது என்று. எல்லோரும் சிரித்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து நீங்களும் சிரித்தீர்கள்.

லாரியில் ஏறித் திரும்பி வந்த வண்டிக்கு விளக்கை மாற்றினீர்கள். துடைத்து வைத்தீர்கள். அதன் பிறகு எட்டு மாதம், நீங்கள் அதை ஒருநாள்கூட ஓட்டவில்லை. என் பேச்சு சுட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கேட்டிருக்கலாம். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆனி மாதம் ஒர்க்ஷாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது.

இந்த வைகாசியில் ரோஸ்லின் அண்ணி கூப்பிட்டார். அழவில்லை, வேலை சொல்கிற குரலில்தான் பேசினார். "வருசம் திரும்புறதுக்குள்ள அந்த வண்டிய இங்க கொண்டாந்துரு தங்கமணி. எனக்குக் காட்டணும்னுதான கெளம்புனாக. இந்த வாசல்ல ஒருநாளாச்சும் அது நிக்கணும்."

வெளியே எடுக்கலாம் என்று தள்ளினால், ஒரே இடத்தில் நின்று நின்று டயர்களின் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது. வண்டி தொம் தொம்மென்று குதித்தது. நல்ல டயர் இல்லாமல் அந்த மலையில் ஏற எனக்கும் தைரியம் இல்லை. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டயர் தேடுவது இவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியாது அண்ணா. பொள்ளாச்சிக் கடையில் சின்னக் கார்களுக்குப் போடுவதைக் காட்டினார்கள். அளவு சரி, ரொம்ப நாள் உழைக்கும், மைலேஜ் தரும் என்றார்கள். மழையில் மலை வளைவில் பிடிக்குமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் வரவில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். பாலக்காட்டில் ஒரு கடையில், ரிம்மை மாற்றிப் பதினேழு இஞ்ச் போட்டுவிட்டால் நல்ல கிரிப் டயர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது என்றார்கள். பதினைந்து இஞ்சுக்கு அப்படிப்பட்டது இப்போதெல்லாம் அபூர்வமாம். நான் மாட்டேன் என்றேன். நீங்கள் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்து வர்ணம் பூசிய ரிம். அதுவும் போக, டயரின் கன்னம் உப்பலாக இருந்தால்தான் அந்த வண்டிக்கு அந்த முகம். இன்னொரு கடையில் அகலமானது இருந்தது. அது மட்கார்டில் உரசும் என்று நானே அளந்து சொன்னேன். அகலம், உயரம், ரிம், வேகத்துக்கு ஒரு எழுத்து என்று இப்போது எல்லாம் எனக்கு அத்துபடி.

ஒரு கடையில் எஞ்சின் எவ்வளவு கனம், பாரம் முன்னால் அதிகமா பின்னால் அதிகமா என்று கேட்டார்கள். எங்கண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. பிக்கப்பில் ஏறிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகக் கோயம்புத்தூர். ரேஸ் கார்களுக்கு டயர் மாட்டிப் பழகிய ஒருவர், அறுபது வயது இருக்கும், சின்னக் கடை. புது டயரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பழைய டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். எப்போது வாங்கியது என்றார். ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, புதிதாக வாங்கியது என்றேன். அவர் சக்கரத்தைப் புரட்டி, வண்டிப் பக்கமாக இருந்த உள்பக்கச் சுவரைத் துணியால் துடைத்து, அதில் பதிந்திருந்த நாலு எண்களை எனக்குக் காட்டினார்.

"முதல் ரெண்டும் செஞ்ச வாரமுங்க, கடைசி ரெண்டும் வருசமுங்க. நீங்க வாங்கறப்பவே இதுக்குப் பதினோரு வயசு. பட்டன் அப்படியே இருக்கும், ரப்பரு கல்லாயிருக்கும். மழையில இதை யாரு ஓட்டியிருந்தாலும் போயிருக்குமுங்க."

இருபது வருஷமாக மாங்காய் வாங்குகிறவள் நான். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தின் மஞ்சளைப் பார்த்து ஒருநாளும் ஏமாந்ததில்லை. காம்பை முகர்ந்து பார்த்துத் தூரப் போடுகிறவள். மஞ்சளுக்கு ஏமாறாதவள் கறுப்புக்கு ஏமாந்திருக்கிறேன். நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள், டயர் பிடிக்கவில்லை என்று. சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதையும் நான் கேட்கவில்லை.

கடைக்காரர் மற்ற மூன்றையும் புரட்டிப் பார்த்தார். நாலிலும் எண் உள்பக்கமாகவே இருந்தது. தற்செயலாக நாலும் அப்படி அமையாது, விஷயம் தெரிந்த யாரோ வேண்டுமென்றே திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்றார்.

கடை வாசலில் நின்றபடியே அண்ணிக்குப் போன் போட்டேன். அந்த நாலையும் மாட்டியது நீங்கள் ஒருவர்தானே, டயரைப் பற்றி அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"அவுக சொல்லக்கூடாதுன்னாக. வண்டி மோதுன மறுவாரமே கழட்டிப் பாத்துட்டாக தங்கமணி. 'ஆசையா வாங்கிக் குடுத்தது, தெரிஞ்சா அம்மிணி சோறு திங்க மாட்டா'ன்னு திருப்பி மாட்டி வச்சுட்டாக. வேற டயரு கெடைக்கிற வரைக்கும் வண்டி நிக்கட்டும்னாக."

அன்று ராத்திரி ஒரு படம் அனுப்பினார். உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்த சீட்டு. டயர் அளவு, உங்கள் சாய்ந்த கையெழுத்தில். கீழே கடைகளின் பெயர்கள், பொள்ளாச்சி, பாலக்காடு. எல்லாம் நான் ஏறி இறங்கிய அதே கடைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. கோயம்புத்தூர்க் கடை அதில் இல்லை. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் அங்கேயும் போயிருப்பீர்களா?

கல்யாணப் பந்தியில் நான் உங்களைச் சிரிக்க வைத்தேனே, அப்போதே உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறீர்கள். என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணா? கிறுக்கி, நீ வாங்கித் தந்தது பழைய டயர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு மூன்றாம் நாள் எழுந்திருப்பேன். இப்போது தினமும் சாப்பிடுகிறேன், ஒன்றும் இறங்கவில்லை.

பழைய டயர்களை யாராவது மாட்டுவண்டிக்குக் கேட்பார்கள் என்றார் கடைக்காரர். பட்டனைப் பார்த்து இன்னொரு ஏமாளி அதைக் காருக்கு வாங்கிவிடுவான். நாலையும் என் கண்முன்னால் அறுக்கச் சொன்னேன். எண் இருந்த ஒரு துண்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன்.

புது டயர் வர ரெண்டு வாரம் ஆனது. அதே பதினைந்து இஞ்ச், அதே உப்பிய கன்னம், இளகிய ரப்பர். நகம் வைத்தால் அமுங்குகிறது. நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன், பழக்கதோஷம். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். செய்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. நாலிலும் எண் வெளிப்பக்கமாக இருக்கும்படி மாட்டித் தரச் சொன்னேன். புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும், நிதானமாக ஓட்டுங்கள் என்றார். முதலமடைக்கும் கொல்லங்கோட்டுக்குமாகப் போய் வந்தே அந்த நூறை முடித்தேன்.

உங்கள் வருஷ நினைவுக்கு முந்தின நாள் காலையில் தனியாகக் கிளம்பினேன். பக்கத்துச் சீட்டில் அண்ணிக்கு ஒரு பெட்டி நீலம் மாங்காய். சின்னார் செக்போஸ்டில் வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறையூர் தாண்டியதும் சொல்லிவைத்த மாதிரி மழை. தலைத்துண்டெல்லாம் நனைந்துவிட்டது. அந்த வளைவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் கியரைப் போட்டு, அன்றைக்கு நீங்கள் போன அதே வேகத்தில் திருப்பினேன்.

ஒன்றும் ஆகவில்லை. வண்டி திரும்பியது, அவ்வளவுதான். ஷெட் தூணில் பிக்கப்பை ரெண்டு தடவை இடித்தவள் நான். எனக்கே வழுக்கவில்லை அண்ணா. வளைவைத் தாண்டி நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். நீங்கள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அண்ணி வாசலில் குடையோடு நின்றிருந்தார். வண்டியின் மூக்கில் கை வைத்தார். சூடாக இருக்கிறது என்றார். பிறகு மாங்காய்ப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, குடையை விரித்தபடி வெகுநேரம் இருந்தார். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் நம் சொந்தமெல்லாம் வேன் வைத்துக்கொண்டு மேலே வந்தார்கள். ஜெபம் முடிந்து இலை போட்டதும் நான் எழுந்து நின்றேன். பையிலிருந்த டயர்த் துண்டை நடுவில் வைத்தேன். "அன்னிக்கு வண்டி போனது நான் வாங்கிக் குடுத்த பழைய டயராலங்க. எங்கண்ணன் நல்லா ஓட்டுவாரு," என்றேன். சித்தப்பாதான், சரி உக்காரு அம்மிணி, சாப்பிடு என்றார். உங்களைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சாப்பிட்டேன் அண்ணா.

ஆனால் நான் பொய்யைச் சொன்னது ஊர் முழுக்க, உண்மையைச் சொன்னது ஒரே ஒரு பந்தியில். அது போதாது. ஆவணியில் நம் சொந்தத்தில் மூன்று கல்யாணம் இருக்கிறது. மூன்றுக்கும் பச்சை வண்டியில்தான் போவேன், டயர்த் துண்டு பையில் இருக்கும். அன்றைக்குச் சிரித்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்காருவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நன்றாக ஓட்டத் தெரிந்த அண்ணனின்
டயர் வாங்கத் தெரியாத தங்கச்சி,
தங்கமணி