கர்னலின் உயிலை இந்த வருடம் படிப்பவர்

அன்பு மகன் லூஷியஸுக்கு, அம்மா எழுதுவது. மூட்டுவலியைத் தவிர எனக்கொரு குறையும் இல்லை, அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் மருமகளும் ஒடெஸாக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். பீச் மரம் கிளை முறியக் காய்த்திருக்கிறது, லீவுக்கு வரும் பேத்தி ஆசைதீரத் தின்னட்டும். ஆனால் ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விழாவில் நீதிமன்றப் படிக்கட்டில், நீ சிறுவயதில் படித்தது போலவே அவளும் அடிமைக் காலத்து நம் ஊர்க் கர்னல் விக்லிஃபின் உயிலைப் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அது நடக்காது. "என் மனைவியின் காலத்துக்குப் பின் என் அடிமைகள் அனைவரும் விடுதலை பெறுவார்களாக" என்ற வரியை ஒரு கறுப்புப் பிள்ளை படிப்பதுதானே இங்கே வழக்கம், குரல் நன்றாக உள்ள பிள்ளையாகப் பார்த்து இருபத்தெட்டு வருடம் பொறுக்கிக் கொடுத்தவள் நான்தான், கைதட்டலில் பூரித்தவளும் நான்தான்.

போன மாதம் ஆவணக் காப்பகத்தில் ஒரு விற்பனைப் பத்திரம் அகப்பட்டது. தன் சாவுக்காக நாற்பத்து மூன்று பேர் காத்திருக்கும் வீட்டில் கர்னலின் மனைவிக்கு, விஷம் கலந்திருப்பார்களோ என்ற பயத்தில் ஒரு வாய் சூப் தொண்டையில் இறங்கவில்லையாம். கர்னல் செத்த மூன்றே மாதத்தில் அத்தனை பேரையும் மிஸிஸிப்பி அடிமை வியாபாரிக்கு விற்றுவிட்டாள். உயிலைக் காட்டி வழக்காட விற்கப்பட்டவர்களுக்கு ஏது வாய்?

கர்னல் பெரிய மனிதர் இல்லையா அம்மா என்று கேட்பாய். சரியான விடை தெரியாமல் தப்பாக எழுதிய பிள்ளைக்கு நான் இரக்கப்பட்டு இரண்டு மதிப்பெண் போட்டதுண்டு. விடை தெரிந்தும், மணியடித்துத் தாளைப் பிடுங்கும்வரை எழுதாமல் இருந்தவனுக்கு என்ன போடுவது? அடிமை வைப்பது தப்பென்று அந்தக் காலத்தில் அவருக்குத் தெரியாது என்கிறார்கள். தெரியும் என்பதற்கு அந்த உயில்தானே சாட்சி. உயிரோடு இருக்கும்வரை மட்டும் அவருக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டியிருந்தது.

விழாக் கமிட்டித் தலைவர் ஹார்லன், கர்னலின் வம்சம், என்னோடு கணக்குப் பாடம் நடத்தியவர், நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "டீச்சரம்மா, செத்தவர மறுபடி எதுக்குக் கொல்றீங்க, வழக்கம்போல ஒரு பிள்ளையக் காட்டுங்க" என்றார். பத்திரத்தின் நகலைக் கையில் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நல்ல குரல் அவருக்கு. பதினேழாவது பெயர், டார்க்கஸ், வயது ஆறு, தாயில்லாமல் தனியாக விற்கப்பட்டவள். அங்கே நிறுத்தி, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. "இன்னும் இருபத்தாறு பேர் இருக்காங்க, படிங்க" என்றேன். கண்ணீர் வழிய வழியப் படித்து முடித்தார். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். "இந்த வருஷம் படிக்கிற ஆள் கெடச்சாச்சு ஹார்லன், நீங்கதான், உயில் இல்ல, இந்தப் பத்திரம்தான்" என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ அந்தப் படிக்கட்டில் நின்ற படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாய். கழற்று என்று சொல்ல எனக்கு வாயில்லை, உன்னை அங்கே நிறுத்தியவள் நான். என்னை மன்னித்துவிடு. கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். ஒடெஸாவைக் கட்டாயம் அனுப்பி வை, கூட்டத்தில் என் பக்கத்தில் நிற்பாள், யாரும் கைதட்டாத ஒரு ஜூலை நான்கை அவள் பார்க்கட்டும்.

உன் அம்மா,
வெர்லீன் டாலிவர்