கதவுக்குள் இறங்கும் மழை

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

இதை எழுதுவது நானேதான். கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்துவிட்டேன். வாரப் பத்திரிகையைக்கூட இப்போது நானே வாசிக்கிறேன். நம்புவீர்களா?

முதலில் உங்கள் டாக்சியின் சேதி. நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு அதை ஓட்ட ஜோசப்பை வைத்தோம். மழையில் கதவடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, தண்ணீர் வடிவதற்கென்றே அடிவிளிம்பில் விட்டிருந்த ஓட்டைகளையெல்லாம் தார் வைத்து அடைத்துவிட்டான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கிய மழைக்குப் போக வழியில்லை. நாலு கதவும் அடியில் துருப்பிடித்து அப்பளமாகிவிட்டன.

"வித்துருவோம்டா தம்பி. பழைய இரும்புக்காவது எடுப்பான்" என்றாள் அக்கா. அந்த வண்டி ஓடினால்தான் அவள் அடுப்பு எரியும். விற்றுவிட்டால் அப்புறம்? அடுத்த மழைக்காலம் வரை பொறுத்துக்கொள் என்று சொல்லி, வண்டியை என் டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

நான் கொச்சிக்கு வந்த புதிதில், உங்கள் ஸ்டாண்டு சேட்டன் ஒருவரைக் காரோடு அழைத்து வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "டோறில் துரும்பு உண்டு, ஒன்னு நோக்கணே" என்றார். நானும் கதவின் உள்அட்டையைக் கழற்றித் துரும்பைத் தேடினேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"மாப்ள, இவங்க துருவைத்தான் துரும்புன்னு சொல்லுவாங்க. நீ வைக்கோலத் தேடிக்கிட்டு இருக்க."

ஆனால் என் கையில் என்ன வந்தது? அடி ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த சாக்கு நார். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகு மூட்டை சுமந்த கார் அது. நார் அடைத்து, தண்ணீர் நின்று, துரு பிடித்திருந்தது. துரும்புதான் அத்தான், துரும்பேதான். அன்றிலிருந்து கதவு என்றால் என் விரல் முதலில் போவது அந்த ஓட்டைக்குத்தான்.

இந்த முறையும் அங்கேயே தொடங்கினேன். தாரைச் சுரண்டினேன். நல்ல தகடு தெரியும்வரை செத்ததை வெட்டி எடுத்தேன். மேலே பட்டி பூசி மறைக்கிற வேலை என்னிடம் கிடையாது. புதுத் தகடு வைத்து வெல்டு அடித்து, அரத்தால் ராவி, உள்ளும் புறமும் ரெட் ஆக்சைடு பூசினேன். மடிப்புகளில் எண்ணெய் விட்டேன். ஓட்டைகளைத் திறந்தே விட்டேன்.

இடவப்பாதி என்பார்களே இங்கே, அந்த வைகாசி மழை கொட்டியது. கதவடியில் மறுபடி தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து ஜோசப் நனைந்துகொண்டே ஓடி வந்தான். "ஆசானே, பின்னேயும் வெள்ளம் சோருந்நுண்டல்லோ. எந்து பணியா இது?"

"சொட்டட்டும் மோனே. சொட்டுற வரைக்கும் கதவுக்கு ஆயுசு" என்றேன்.

அக்கா குடையோடு வந்து நாலு கதவின் அடியையும் அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை. பிறகு ஜோசப் பக்கம் திரும்பினாள்.

"காலையில ஐலண்டு ஹார்பருக்குக் கப்பல் வருதாம், சவாரி கிடைக்கும். நேரத்தோட போய் ஸ்டாண்டுல நில்லு."

விற்கிற பேச்சு அதோடு முடிந்தது.

ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் நாலு கதவையும் கழற்றிப் பார்ப்பேன், அத்தான். கண் மங்கினாலும் விரல் போதும். அக்கா வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்கும்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்களுக்கு என்றைக்கும் மாப்ள,
செல்லையா