வயித்து வலி இல்லை

6 ஜூன் 2001, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயலை. நேத்து இவரை கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு.

இருபத்திரண்டு வருஷம் தங்க மைன் ஷாஃப்டுல இறங்கினவர். மைன் மூடினதிலிருந்து பேச்சு குறைஞ்சுக்கிட்டே வந்துது. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேக்கப் பயம். போன வியாழன் உயிரை விடப் பார்த்தார். பிழைச்சார்.

மனசு டாக்டர் சொன்னது, மறக்காம இருக்க:
- தனியா விடக்கூடாது.
- மாத்திரை கா. 1, இரவு 1. தேறினாப்பல இருந்தாலும் நிறுத்தக்கூடாது.
- சாவு நெனப்பு வருதான்னு நேராவே கேக்கலாம். கேக்கறதால வராது.
- செவ்வாய் மறுபடி. இந்த டாக்டர் வர்றது செவ்வாய் மட்டும்தான்.

வியாழன்

இவர் தங்கை ரோஸி வந்தா. யார் கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லணுமாம். மூணு வீட்டுல சொல்லியும் வெச்சுட்டா. "ஷீலாவுக்கு மாப்பிள்ளை பாக்கணும் இல்ல அண்ணி?"

ஷீலா உள்ளேயிருந்து, "எங்கப்பாவை மறைச்சு எனக்கு ஒரு கல்யாணம் வேணாம் அத்தை"ன்னா. என் பொண்ணு.

தக்காளி, சோப்பு வாங்கணும்.

வெள்ளி

பூண்டு உரிச்சுக்கிட்டே இவர்கிட்ட கேட்டுட்டேன். "இன்னிக்கு சாவணும்னு தோணுச்சா?"

அவரும் ஒரு பூண்டை எடுத்து உரிச்சார். அப்புறம், "காத்தால தோணுச்சு. இப்ப இல்ல."

ரெண்டு தோசை சாப்பிட்டார்.

10, ஞாயிறு

சர்ச். ஜெப விண்ணப்பம் வாசிக்கிற நேரம். பாஸ்டரம்மா இவர் பேரைச் சொல்லி, கடுமையான வயித்து வலின்னு வாசிச்சாங்க. ரோஸி எழுதிக் குடுத்தது. எழுந்து நின்னேன்.

"வயித்து வலி இல்லைங்க. சாவப் போனாரு. காப்பாத்திட்டாங்க. இப்ப மனசுக்கு வைத்தியம் நடக்குது. ஜெபம் பண்ணுங்க. உங்க வீட்டுல யாராவது இப்படி இருந்தா ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்க."

ரோஸி தலையே தூக்கலை. வெளியே வரும்போது ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. திருப்பட்டும். காலு உடைஞ்சா ஊரைக் கூட்டிக் காட்டறாங்க, மனசு உடைஞ்சா மட்டும் கதவைச் சாத்தணுமா?

வீட்டுக்கு வந்ததும் இவர்கிட்ட சொல்லிட்டேன், சர்ச்சுல இப்படிப் பேசினேன்னு. கோவிப்பார்னு நெனச்சேன். "நீயா?"ன்னார். அவ்வளவுதான்.

அரைக் கிலோ கறி. காரம் ஜாஸ்தி.

திங்கள்

குழாயில தண்ணி வரலை.

நாலு மணிக்கு லாசர். இவரோட ஒரே ஷிஃப்டு, பின் வரிசை லைன் வீடு. நேத்து சர்ச்சுல இருந்தார். கேலி பேசாம அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. இன்னிக்கு வாசல்லயே நின்னார். அந்த டாக்டர் என்னைக்கு இருப்பார்னு என்னைக் கேட்டார். யாருக்கு அண்ணேன்னு கேட்டேன். திரும்பிப் போகப் பார்த்தார்.

நான் வாயத் திறக்கறதுக்குள்ள இவர் சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே வெளியே வந்தார். பத்து நாள்ல தானா வாசலுக்கு வந்தது இன்னிக்குத்தான்.

"நாளைக்குத்தாண்டா. ஏழு மணி பஸ்ஸு. நானும் அதுலதான் போறேன். நீ இன்னிக்கு இங்கியே படு."

இன்னொரு பாய் தட்டிப் போடணும்.