செல்லோ காத்திருக்கிறது என்று சொன்னது நானில்லை

மச்சான், பஸ்ஸில் நாம் கேட்டுக்கொண்டே போன நம்ம வயலின் நால்வர் குழு புதுச்சேரியில் வாசிக்க வருகிறது, செல்லோ வாசிப்பவர் என் அரைகுறை இங்கிலீஷ் பதிவைப் படித்துவிட்டு, கச்சேரி முடிந்ததும் என்னைப் பார்க்க வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறார்!

காலையில் ஃபோனில் அதைப் பார்த்ததும் கத்திவிட்டேன். உனக்கு அனுப்பத்தான் முதலில் கை போனது. உன் பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அதற்கும் பிறகுதான், அந்தப் பதிவே உன்னுடையது என்பது.

செம்மண்டலத்தில் பஸ் ஏறி சிதம்பரத்தில் கல்லூரிக்கு இறங்கும்வரை நம் இருவருக்கும் ஒரே இயர்ஃபோன். இடது பக்கம் எனக்கு. முதல் வயலின் அதில்தான் பளிச்சென்று கேட்கும். வலது பக்கம் உனக்கு. கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற அந்தப் பெரிய செல்லோ.

"பாவம்டா நீ, வெறும் உறுமல்தான் உனக்கு" என்பேன்.

"நீ பாட்டு கேளு மச்சான். அவுங்க குடும்பம் நடத்துறத நான் கேட்டுக்கிறேன்."

வீடியோ வீடியோவாக அவர்கள் வளர்ந்ததை அப்படித்தான் கேட்டாய். இளைஞர்களாகப் பரிசு வாங்கிய போட்டியில் நாலு பேரும் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். பிறகு நாடு நாடாகப் பயணம், விமானத்தில் செல்லோவுக்கும் தனி சீட்டு. நடுவில் இரண்டாம் வயலின்காரர் விலக, ஒரு புதுப் பெண் வந்தார். அவர் வந்த பிறகு வாசித்ததை ஆலப்பாக்கம் தாண்டும்போது கேட்டுவிட்டு நிறுத்தினாய்.

"அந்தப் பொண்ணு வந்து சேர்ற வரைக்கும் செல்லோ காத்துக்கினு இருக்கு பாரு. முன்னாடிலாம் ஓடும். யாரையோ தொலைச்சிட்டு வருத்தப்படுறவந்தான் இப்டி நிப்பான்."

எனக்கு அது கேட்கவே இல்லை. வீட்டுக்குப் போனதும் என் இணையப் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினேன், நானே கண்டுபிடித்ததைப் போல. லைக் குவிந்தது. மறுநாள் பஸ்ஸில் நீ சொன்னாய்: "நல்லாருக்கு மச்சான். எழுதுனவனுக்கு காது ஜாஸ்தி." சிரித்தாய். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். உன் பெயரைச் சேர்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை தினமும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்.

செல்லோக்காரர் போட்ட பதிலைப் பார்த்துவிட்டு உன் தங்கை ஃபோனில் கூப்பிட்டாள். "சூப்பர்ண்ணா!" என்றவள் கொஞ்சம் தயங்கினாள். "இது எங்கண்ணன் சாப்புடும்போது எங்களுக்கும் சொல்லிருக்கான். நீங்க சொன்னததான் அவன் சொன்னானா?"

அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. உன் வீட்டிலேயே உன்னை என் எதிரொலி ஆக்கிவிட்டேன் மச்சான்.

"அவன் சொன்னதுதாம்மா. நான்தான் எடுத்துக்கினேன்" என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

பதிவில் உன் பெயரைச் சேர்த்துவிட்டேன். அதைக் கேட்டவன் நானில்லை, இறந்துபோன என் நண்பன், அவனுடைய தங்கையை அழைத்துப் பேசுங்கள் என்று செல்லோக்காரருக்கும் எழுதிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களே, பழைய பதிவைப் பகிர்ந்திருந்தால் இதையும் பகிருங்கள். அவனோடு படித்தவர்கள், பழகியவர்கள், அவன் சொன்னது எது நினைவிருந்தாலும் கீழே எழுதுங்கள். நான் பேசுவதில் எது என்னுடையது, எது அவனுடையது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.